வளைவுகளை வரிசையாக எடுத்தவர்

கொல்லிமலைக்கு ஏறும் வழியில் இருப்பவரிடம் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஊர்ப்பெயர் சொல்லமாட்டார். "முப்பத்தெட்டுல நிக்கறேன்" என்பார். காரவள்ளியில் ஏறத் தொடங்கி மேலே வந்து சேர்வதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது. பாரம் ஏற்றிய லாரி மாட்டிக்கொண்டாலும், மழையில் மரம் விழுந்தாலும், பிரசவ வலி கண்ட பெண்ணோடு ஆம்புலன்ஸ் நின்றுபோனாலும் எண்ணைச் சொன்னால் போதும். எந்த வளைவில் சுவர் இருக்கிறது, எதில் இல்லை, எதில் வண்டியை ஒதுக்க இடம் உண்டு என்பது கேட்பவருக்குத் தெரியும்.

என் சித்தப்பா மணிவண்ணனின் கையைவிட்டு ஒரு சினிமாப் படம் போனது இந்தப் பழக்கத்தால்தான் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்வதில்லை. வேறு எப்படியும் சொல்வதில்லை. கேட்டால், "அதுதான் முடிஞ்சுதுல்ல கண்ணு" என்பார்.

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். அவர் பெரக்கரை நாட்டில், மிளகும் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியும் போடும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு அடுத்தவர், வீட்டில் கடைசி. செம்மேட்டில் பள்ளி, ராசிபுரத்தில் கல்லூரி. 2006-ல், இருபத்திமூன்று வயதில் சென்னைக்குப் போனார். வடபழனிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் ஒன்பது மாதம் சாப்பாடு பரிமாறினார். அங்கே சாப்பிட வந்த ஓர் இயக்குநரிடம் ஐந்தாவது உதவியாளராகச் சேர்ந்தார். ஐந்தாவது உதவியாளருக்கு என்ன வேலை என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "நாலு பேரு மறந்ததை ஞாபகம் வெச்சுக்கறது" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையாகவே வேலை அதுதான்.

ஒரு காட்சியை ஒரே நாளில் எடுப்பதில்லை. கதாநாயகன் கதவைத் திறப்பது திங்கட்கிழமை எடுக்கப்படும். உள்ளே நுழைவது அடுத்த மாதம். திறந்தபோது சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார், கடிகாரம் எந்தக் கையில், நெற்றிக் காயம் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் ஒருவர் எழுதிவைக்க வேண்டும். சினிமாவில் இதைக் கன்டினியூட்டி என்கிறார்கள். சண்டைப் படங்களில் இது இன்னும் கஷ்டம். ஒரு சண்டைக்கு எட்டு நாள் ஆகும். ரத்தம் மட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சித்தப்பா இந்த வேலையில் பெயர் வாங்கினார். பதினான்கு ஆண்டுகளில் ஒன்பது படங்கள். அதில் நான்குதான் தியேட்டருக்கு வந்தன. அவரை முதலில் சேர்த்துக்கொண்ட இயக்குநர் இரண்டு படம் ஓடாததால் தொலைக்காட்சித் தொடருக்குப் போனார். அடுத்தவர் மதுரவாயலில் பிரியாணிக் கடை வைத்தார். மூன்றாமவர் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். சித்தப்பா ஒவ்வொருவரிடமிருந்தும் அடுத்தவரிடம் போனார். ஐந்தாவது உதவியாளர் இணை இயக்குநர் ஆனார்.

இதற்கிடையில் 2010-ல் அவருக்குக் கல்யாணம் ஆனது. கோகிலா சின்னம்மா வளப்பூர் நாட்டிலிருந்து வந்தவர். செம்மேட்டுக்குப் பக்கத்தில் அங்கன்வாடிப் பணியாளர். அவர் சென்னைக்குப் போகவில்லை. சித்தப்பா பொங்கலுக்கும் மிளகு பறிப்புக்கும் வருவார், போவார். முதன்முதலாக அவர் பெயர் வந்த படத்தை நாங்கள் எல்லோரும் டிவியில் பார்த்தோம். படம் முடிந்ததும் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின.

"வந்துச்சா?" என்று சித்தப்பா போனில் கேட்டார்.

"வந்துச்சாமா. நான் கண்ணைச் சிமிட்டிட்டேன்" என்றார் சின்னம்மா.

அந்தப் பெயர் ஓடாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களில் இயக்குநரின் பெயர் மட்டும் கடைசியாக, தனியாக வந்து, சில நொடிகள் அசையாமல் நிற்கும். பதினான்கு ஆண்டுகள் அவர் காத்திருந்தது அந்தச் சில நொடிகளுக்கு. ஒரு முறை அப்படி நின்றுவிட்டால் பிறகு அவர் இயக்குநர். இயக்குநர் சங்கத்தின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும்.

வாய்ப்பு திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. முருகானந்தம் என்பவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். இருபது ஆண்டுகள் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் வண்டியோடு அலைந்தவர். அவரிடம் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், சித்தப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனார். முருகானந்தத்துக்குச் சினிமா தெரியாது. ஆனால் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

"எங்க பசங்க வேலை முடிஞ்சு ராத்திரி போன்ல பாக்கறது சண்டைப் படந்தானுங்க தம்பி. பக்கத்து ஊர்க்காரனும் வந்து உக்காந்து பாப்பான். அவனுக்கு நம்ம பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. அடி மட்டும் எல்லாப் பாஷையிலயும் விழும்" என்றாராம்.

சித்தப்பா சொன்ன கதை அவருக்குப் பிடித்தது. மலையிலிருந்து திருடிப்போன சாமி சிலையை மிளகு லாரியில் மறைத்துத் திரும்பக் கொண்டுவரும் ஒரு டிரைவர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை அவனைத் துரத்தும் ஒரு கூட்டம். படத்தின் கடைசி இருபது நிமிடம் முழுக்க மலைச்சாலை. 2022 ஆவணியில் பூசை போட்டார்கள். பூசணிக்காய் உடைக்கும்போது முருகானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற போட்டோ சித்தப்பாவின் போனில் இன்னும் இருக்கிறது.

சென்னையிலும் நாமக்கல்லிலும் முப்பது நாள் வேலை ஒழுங்காக நடந்தது. ஐப்பசியில் மலைச்சாலைக்கு வந்தார்கள். ஆறு நாளில் துரத்தலை முடிப்பதாகத் திட்டம். காலையில் இரண்டு மணி நேரம், பிற்பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் சாலையை நிறுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது.

இது மாதிரி சாலைத் துரத்தலை எடுப்பதற்கு ஒரு வழக்கமான முறை இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும் மூன்று வளைவுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். கேமராவை மேலே, கீழே, எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்து, அதே மூன்று வளைவுகளில் வண்டிகளைப் பத்துப் பதினைந்து முறை ஓட்டுவார்கள். வெட்டி ஒட்டினால் எழுபது வளைவு ஏறிய மாதிரி தெரியும். சண்டைப் பயிற்சியாளர் ஆல்பர்ட் மாஸ்டர் முப்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறவர். அவர் முதல் நாளே பன்னிரண்டு, பதிமூன்று, நாற்பத்தொன்று ஆகிய வளைவுகளைக் காட்டி இவை போதும் என்றார்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையாகத்தான் எடுக்க வேண்டும் என்றார். எழுபதும் வேண்டாம், இருபத்திரண்டு வளைவுகள் போதும். ஆனால் கீழிருந்து மேலே, வரிசை மாறாமல்.

அப்போது நான் அங்கே இருந்தேன். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"டைரக்டர் சார், இந்த வளைவும் அந்த வளைவும் ஒண்ணுதான்" என்றார் மாஸ்டர். "இங்கயும் கல்லு, அங்கயும் கல்லு. இங்கயும் கொரங்கு, அங்கயும் கொரங்கு."

"இல்ல மாஸ்டர். பதினேழுல எடது பக்கம் சுவர் கெடையாது. இருபத்தொண்ணுல இருக்கும். சுவர் இல்லாத எடத்துல டிரைவர் பிரேக் போடற விதமே வேற."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

"உங்க ஊர்ல எத்தினி பேரு?"

"நாப்பதாயிரம் பேரு இருப்பாங்க."

"சரி. நாப்பதாயிரம் பேரும் ஆளுக்கு ரெண்டு தபா பாத்தா படம் ஓடிரும். எடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் வரிசையாகவே எடுத்தார்.

ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு மாறுவது நடந்து போகிறவருக்குப் பத்து நிமிடம். ஜெனரேட்டர் லாரி, கேமரா வண்டி, கிரேன், நொறுக்குவதற்கென்று வாங்கிய நான்கு பழைய ஜீப்புகள், அறுபது ஆட்கள், எல்லாம் மாறுவதற்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் சாலையைத் திறக்கச் சொல்லிவிடுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வளைவு முடிந்தால் அதிகம். ஆறாம் நாள் முடிவில் முப்பதைத் தாண்டவில்லை.

சித்தப்பாவிடம் இணை இயக்குநராக இருந்தவர் சதீஷ்குமார். கெட்டிக்காரர். அவர் ஒரு வழி சொன்னார்.

"அண்ணே, பன்னெண்டுலயே எடுத்துருவோம். பலகைல நம்பரை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி நாப்பத்தொம்பதுன்னு மாத்திருவோம். ரெண்டு மணி நேரம்தான். அப்பறம் பிச்சு எடுத்துருவோம்."

"பிச்சு எடுக்க மறந்துட்டா?"

"மறக்க மாட்டேண்ணே."

"நம்பரைப் பாத்துத்தான்டா இங்க ஆம்புலன்ஸ் வரும்" என்றார் சித்தப்பா.

சித்தப்பா சொன்னது தவறு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அது ஒரு மலைக்காரர் சொன்ன பதில். படம் எடுக்க வந்தவர் சொன்ன பதில் அல்ல.

பதினோராம் நாள் நாற்பத்தெட்டாம் வளைவை எடுத்தார்கள். அன்று பிற்பகல் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் மழை விட்டதும் பனி இறங்கியது. முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு தெரியவில்லை. கதாநாயகன் வேறு படத்துக்குத் தேதி கொடுத்திருந்தார். அவர் காரில் ஏறிப் போன அன்று ஜெனரேட்டர் லாரியும் இறங்கிவிட்டது. சித்தப்பா பின்னாலேயே சென்னைக்குப் போனார்.

அங்கே ஓராண்டுக்கு மேல் இருந்தார். எடுத்தவரைக்கும் எடிட்டிங் நடந்தது. பிறகு எடிட்டர் போன் எடுப்பதை நிறுத்தினார். பிறகு படத்தின் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள். 2024 தை மாதம் சின்னம்மா போன் செய்து, "அங்க சும்மா உக்காந்திருக்கறதுக்கு இங்க வந்து மிளகு பறிங்க. ஆளு கிடைக்கல" என்றார். சித்தப்பா வந்தார். ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து ஏறி, இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு பறித்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் கீழே நின்று, "ஏனுங்க மணி, படம் எப்பங்க?" என்று கேட்டார்கள். மேலேயிருந்து, "வருமுங்க" என்பார்.

மாசிக் கடைசியில் முருகானந்தம் வந்தார்.

காரை விட்டு இறங்கியதும் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். எழுபது வளைவு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. சின்னம்மா எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நானும் அப்பாவும் அங்கே இருந்தோம். முருகானந்தம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகக் குடித்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, சுத்தி வளைக்கத் தெரியாதுங்க எனக்கு. படத்தை ஒரு கம்பெனி வாங்கிக்கறேங்கறாங்க. முடிச்சுக் கொடுக்கணும். ஹீரோ பத்து நாள் தாரேங்கறாரு. ஆனா..."

"ஆனா நான் இருக்கக்கூடாது" என்றார் சித்தப்பா.

"உங்களோட இன்னொரு வளைவு ஏற முடியாதுங்கறாரு."

சித்தப்பா மிளகுக் காம்பை உதிர்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

சினிமாவில் ஒருவர் தொடங்கிய படத்தை இன்னொருவர் முடிக்க வேண்டுமானால், முதல் இயக்குநர் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் சங்கம் ஒத்துக்கொள்ளாது. வேறு இயக்குநர் யாரும் வந்து கேமராவுக்குப் பின்னால் நிற்க மாட்டார்கள். முருகானந்தம் வந்தது அந்தக் கடிதத்துக்கு.

"பேரு?" என்று சித்தப்பா கேட்டார்.

"முடிச்சுக் குடுக்கறவரு பேருதான் வருமாங்க. ஒரு படத்துக்கு ஒரு டைரக்டர்தானாம். நான் கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு பேரு போட்டா வாங்கறவங்க ஏன் எதுக்குன்னு கேப்பாங்களாம்."

"யாரு முடிக்கறது?"

முருகானந்தம் டம்ளரைக் கீழே வைத்தார். "சதீசு."

சின்னம்மாதான் சொன்னார்: "நல்லா வருவான்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதித் தராத மணி. நிக்கட்டும் படம். பதினெட்டு வருசம் போச்சு. இவங்க உன் பேரைத் தூக்கி அவனுக்குக் குடுப்பாங்களாமா? உங்கையில இருக்கறது இந்த ஒரு காயிதந்தான். அதையும் குடுத்துட்டா அப்பறம் என்ன இருக்குது?"

"அண்ணன் சொல்றது நியாயமுங்க" என்றார் முருகானந்தம். "நான் இல்லீங்கல. ரிக்கு ரெண்டு நின்னுபோச்சு. அதைச் சொல்லி உங்களைக் கேக்க வரல. நீங்க மாட்டேன்னா எறங்கிப் போயிருவேன்."

சித்தப்பா உதிர்த்த மிளகைத் தட்டில் பரப்பினார். பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினார். அன்று அவர் நீளமாகப் பேசியது அது ஒன்றுதான்.

"படம் நின்னா யாரு பேரும் வராதுங்கண்ணா. மூணு பேத்துக்கு அது மொதப் படம். காஸ்ட்யூம்ல ராதிகான்னு ஒரு புள்ள இருந்துச்சு. பதினோரு நாளும் நனைஞ்ச சட்டைய ஜெனரேட்டர் சூட்டுல காயவெச்சுக் குடுத்துச்சு. அவங்க ஊட்ல எல்லாம் காத்துட்டு இருப்பாங்க. பேரு ஓடறதைப் பாக்கணும்னு."

"உன் ஊட்ல?" என்றார் அப்பா.

சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா உள்ளே போய் அங்கன்வாடிக் கோப்பிலிருந்து இரண்டு வெள்ளைத்தாள் எடுத்துவந்தார். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. "பேனா மேல இருக்குது" என்றார்.

சித்தப்பா தன் வழக்கப்படிதான் எழுதினார். தேதி, படத்தின் பெயர், தயாரிப்பாளர் பெயர். கீழே, மீதியை வேறு இயக்குநரைக் கொண்டு முடிக்க ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே, காட்சி எண் ஒன்று முதல் அறுபத்து நான்கு வரையிலும், அறுபத்து ஐந்தாம் காட்சியில் நாற்பத்தெட்டாம் வளைவு வரையிலும் என்னால் இயக்கப்பட்டவை என்று இன்னொரு வரி.

முருகானந்தம் விரல் வைத்துப் படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"தம்பி, இந்த வரி வேண்டாமுங்களே. நாளைக்கு இதை வெச்சே கேள்வி வரும்."

சித்தப்பா இரண்டாவது தாளை எடுத்து அந்த வரி இல்லாமல் எழுதினார். கையெழுத்துப் போட்டார். எழுத்து ஒன்றும் கோணவில்லை. முதல் தாளைச் சின்னம்மா எடுத்துக்கொண்டு போனார். சாயந்திரம் அடுப்பு பற்றவைக்க எடுத்தது அதுதான் என்று பிறகு சொன்னார்.

முருகானந்தம் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்த பிறகும் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒரு வார்த்த திட்டிருங்க. திட்டாம குடுத்தா எனக்குத் தாங்கல."

"திட்டறதுக்கு ஒண்ணும் வரலீங்கண்ணா."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க. வந்தா போன் பண்றேன்."

முருகானந்தம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கார் போனதும் சித்தப்பா தட்டை எடுத்து வெயிலில் வைத்தார். எனக்கு அவர் அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. கோபப்பட்டிருந்தாலும் சரி. அவர் குளித்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். சின்னம்மாவிடம் அடுத்த வாரம் கேட்டேன். "பல்லு புடுங்க ஊசி போட்டுட்டா கன்னம் ஒரு பக்கம் இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி இருக்குதாம். வேற ஒண்ணும் சொல்லல" என்றார்.

பத்து நாளில் சதீஷ்குமார் படத்தை முடித்தார். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை படம் வெளியானது. எங்கள் ஊரிலிருந்து இருபத்தாறு பேர் மாணிக்கம் வேனில் நாமக்கல்லுக்குப் போனோம். மாணிக்கம் அண்ணன் இந்த மலையில் இருபது வருடமாக வேன் ஓட்டுகிறவர். சித்தப்பா வரமாட்டார் என்று நினைத்தோம். சட்டை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.

தியேட்டரில் பெயர்கள் வந்தன. கடைசியில் திரை இருட்டாகி, எழுத்து இயக்கம் சதீஷ்குமார் என்று வந்து நின்றது. வேறு வரிசைகளில் யாரோ கை தட்டினார்கள். எங்கள் வரிசையில் பாக்கெட்டிலிருந்து கடலை எடுத்தவர் எடுத்த கையோடு அப்படியே இருந்தார். மூன்று நான்கு நொடிதான் இருக்கும். பிறகு கதை தொடங்கியது.

கடைசித் துரத்தல் வந்தபோது எங்கள் ஆட்கள் எழுந்தே விட்டார்கள். பலகை தெரிந்ததும் விசில். "அட, நம்ம நாப்பத்தொண்ணு!" என்று கண்ணாயி அக்கா கத்தினார். திரையில் லாரி மூன்றாம் வளைவிலிருந்து நாற்பத்தொன்றுக்குப் போனது, அங்கிருந்து பன்னிரண்டு, மறுபடி நாற்பத்தொன்று, பிறகு பதிமூன்று, பிறகு நேராக உச்சி. சித்தப்பா பதினோரு நாள் எடுத்ததிலிருந்து ஏழெட்டு ஷாட் வைத்திருந்தார்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஜீப் ஒன்று சுவரில்லாத வளைவில் உருண்டபோது தியேட்டர் முழுக்கக் கத்தியது. நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

படம் முடிந்து எல்லோரும் எழுந்துபோனார்கள். சித்தப்பா எழவில்லை. பெயர்கள் ஓடி முடியும்வரை இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சின்னம்மா, அடுத்து நான். ராதிகாவின் பெயர் வந்தது. சித்தப்பா மெதுவாகத் தலையாட்டினார். முதல் படம் செய்த மற்ற இரண்டு பேரின் பெயர்களும் வந்தன. கடைசியில் நன்றி என்று ஒரு பட்டியல். காவல்துறை, வனத்துறை, செம்மேட்டில் ஒரு டீக்கடை, கொல்லிமலைப் பொதுமக்கள்.

"அதுல நாமளும் உண்டுங்களே" என்றார் சின்னம்மா.

"உண்டு" என்றார் சித்தப்பா.

திரும்பும்போது வேனில் கொஞ்ச தூரம் யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. ஏற்றம் தொடங்கியதும் மாணிக்கம் அண்ணனால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க மணி, மூணுல இருந்து நாப்பத்தொண்ணுக்கு ஒரே தாவா தாவறானே! அந்த லாரிய எனக்கு வாங்கிக் குடுங்க. டீசல் மிச்சமாவும்."

வேன் குலுங்கச் சிரித்தது. "நாப்பத்தொண்ணுல இருந்து பன்னெண்டுக்கு எறங்குனானே, ரிவர்ஸ்லயா?" என்று பின்னாலிருந்து ஒருவர். "அதுல சுவரே இல்ல, அங்க போயி முட்டறான்" என்று இன்னொருவர். எல்லோருமே பார்த்திருந்தார்கள். ஒருவர் விடாமல்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுதுங்களா எல்லாத்துக்கும்?"

"தெரியாம?" என்றார் கண்ணாயி அக்கா. "தெரிஞ்சா என்ன சாமி, சண்டை நல்லா இருந்துச்சு. நான் ஒருக்கா ஊட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போயி பாக்கோணும்."

சித்தப்பா மறுபடி முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் முகம் எனக்குக் கண்ணாடியில் கொஞ்சம் தெரிந்தது. படிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு என்னிடம் மட்டும், "ரத்தம் எடது புருவத்துல இருந்துச்சு. சிலைய எறக்கும்போது வலது பக்கம் போயிருச்சு. பாத்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை என்றேன்.

படம் சுமாராக ஓடியது. முருகானந்தம் நின்ற வண்டிகளை ஓட்டத் தொடங்கிவிட்டார். இனிமேல் சினிமா இல்லை என்று அவர் மனைவி சாமி முன்னால் சத்தியம் வாங்கியதாகக் கேள்வி. ஆல்பர்ட் மாஸ்டருக்கு ஒரு தெலுங்குப் படம் கிடைத்தது. சதீஷ்குமாருக்கு அடுத்த படம் கிடைத்தது, இதைவிடப் பெரியது. இந்தத் தை மாதம் அவர் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, பெரிய சண்டைப் படம்ணே. ஏழு பைட்டு. கன்டினியூட்டி பாக்க உங்களைத் தவிர யாரும் எனக்குத் தோணல. அசோசியேட்டா வாங்கண்ணே. கேக்கவே கூச்சமா இருக்கு."

"கூச்சம் என்னடா" என்றார் சித்தப்பா. "எப்ப?"

"சித்திரைல ஆரம்பம். உங்க சங்கத்துக் கார்டு புதுப்பிக்காம கெடக்காம். அதை மட்டும் பண்ணிருங்க."

சின்னம்மா மிளகு சலித்துக்கொண்டே, "போறதுன்னா இதைக் காயப்போட்டு மூட்டை கட்டிட்டுப் போங்க" என்றார். அவர் குரலிலும் ஒன்றும் இல்லை.

படிவம் ஆன்லைனில், ஆங்கிலத்தில் இருந்தது. அதனால் என்னிடம் வந்தார். செம்மேட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து என் போனில் நிரப்பினோம். பெயர், பிறந்த தேதி, உறுப்பினர் எண். உதவியாளராக வேலை செய்த படங்கள் என்ற இடத்தில் ஒன்பதையும் ஆண்டுவாரியாகச் சொன்னார். ஒன்றைக்கூட யோசிக்கவில்லை.

அடுத்த கட்டம், இயக்கிய படங்கள்.

"இதுக்கு என்ன போடட்டும் சித்தப்பா?"

"என்னது?"

"நீங்க டைரக்ட் பண்ணின படம்."

அவர் எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். நாமக்கல் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"விட்டுடட்டுமா?" என்றேன்.

"காலியா விட்டா திருப்பி அனுப்பிருவாங்க கண்ணு" என்றார். "இல்லைன்னு போடு."

போட்டேன். அடுத்த கட்டத்தில் புகைப்படம் கேட்டது. அவர் எழுந்து கடைக்காரரிடம் சீப்பு வாங்கித் தலையை வாரிக்கொண்டு, வெள்ளைச் சுவர் இருக்கும் பக்கமாகப் போய் நின்றார்.